பூச்சி ப்ரூச்சைத் திருப்பிப் பாருங்கள்

பழைய நகை விற்பவர்களின் பட்டியலில், துணியில் ஊசியால் குத்திக்கொள்ளும் பூச்சி வடிவ ப்ரூச் ஒன்று வந்தால், படத்துக்குக் கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும். தேனீ என்றால் உழைப்பு. பட்டாம்பூச்சி என்றால் ஆன்மா. ஸ்காரப் வண்டு என்றால் மறுபிறப்பு. தும்பி என்றால் மாற்றம். எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டில் செய்தது என்று பார்க்காமலே எல்லா நகைக்கும் ஒரே பலன் எழுதிவிடுகிறார்கள். பல்லி விழும் பலன் பார்க்கிற மாதிரிதான் இது. 1805இல் பாரிஸில் அணிந்த தேனீயும் 1895இல் லண்டனில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்த தேனீயும் ஒரே சேதியைச் சொல்லவில்லை.

ஆகவே, பொருள் தெரிய வேண்டுமானால் முதலில் காலம் தெரிய வேண்டும். காலத்தைக் காட்டுவது நகையின் முகம் அல்ல, முதுகு. கொக்கி, கீல், ஊசி, பற்றவைத்த இடம், முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இங்கே பேசப்போவது பெரும்பாலும் 1860க்கும் 1914க்கும் இடையில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் செய்யப்பட்டவை பற்றி. சந்தையில் உண்மையாகவே பழையது என்று கிடைக்கும் பூச்சி ப்ரூச்களில் பெரும்பகுதி அந்த ஐம்பது வருடத்துச் சரக்குதான்.

ஒரு தேனீ, பல காலம்

1653ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் தூர்னே நகரில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது, 481 வாக்கில் இறந்த ஃபிராங்க் அரசன் சில்டெரிக்கின் கல்லறை வெளிப்பட்டது. உள்ளே சுமார் 300 தங்கப் பூச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. இறக்கையில் மெல்லிய தங்கத் தடுப்புகள், தடுப்புகளுக்கு நடுவே செதுக்கி வைத்த சிவப்பு கார்னெட் கல் தகடுகள். அவை தேனீயா, சில்வண்டா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் 1804இல் நெப்போலியன் முடிசூடியபோது அவற்றைத் தேனீ என்றே எடுத்துக்கொண்டார். முன்பு பிரான்சை ஆண்ட பூர்போன் வம்சத்தின் அல்லி முத்திரையை ஒதுக்க அவருக்கு அதைவிடப் பழைய அடையாளம் ஒன்று தேவைப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த பூச்சி அதற்குப் பொருத்தமாக அமைந்தது. முடிசூட்டு அங்கி முழுக்கத் தங்க இழையில் தேனீக்கள்.

அன்றிலிருந்து 1815 வரையும், பிறகு மூன்றாம் நெப்போலியன் பேரரசராக இருந்த 1852 முதல் 1870 வரையும், பிரான்சில் தேனீ என்பது கட்சிக் கொடி மாதிரி. உழைப்பும் சுறுசுறுப்பும் அப்புறம்தான். அணிந்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே முதல் சேதி. மூலத் தேனீக்களின் கதி பரிதாபமானது. 1831இல் பாரிஸ் நூலகத்தில் நடந்த திருட்டில் புதையல் களவு போய், பெரும்பகுதி தங்கத்துக்காக உருக்கப்பட்டது. முந்நூறில் இன்று மிஞ்சியவை இரண்டே இரண்டு.

இங்கிலாந்தின் தேனீக்கு இந்த அரசியல் கிடையாது. 1890களில் அங்கே பிறைநிலவு வடிவ ப்ரூச்கள் ஏராளமாக வந்தன. பிறையின் வளைவுக்குள் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தால் அது புதுமணப் பெண்ணுக்கான பரிசு. தேனும் நிலவும் சேர்ந்தால் என்ன என்பதைத் தமிழில் படிப்பவருக்கு விளக்கவே வேண்டாம், தேனிலவு. ஆங்கிலத்தில் இருந்த அதே சொல்விளையாட்டு நம் மொழிபெயர்ப்பிலும் அப்படியே நிற்கிறது. இந்த நகையைக் கையில் வைத்துக்கொண்டு ‘தேனீ உழைப்பின் சின்னம்’ என்று சொன்னால், செய்தவர் வைத்த பொருள் முழுதாகக் கை நழுவிவிடும். பிறையையும் பூச்சியையும் பிரித்துப் படிக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அது தேனீதானா என்று பார்ப்பது. தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு. தேனீயின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். ஈயின் கொம்பு கண்ணுக்கே தெரியாத சிறு முளை. ஈயின் கண்கள் தலையை முழுக்க மூடும் அளவுக்குப் பெரியவை. அக்காலப் பொற்கொல்லர்கள் உருப்பெருக்கியில் பூச்சியைப் பார்த்து வேலை செய்தவர்கள் என்பதால் நல்ல வேலைப்பாட்டில் இந்த வேறுபாடு துல்லியமாக இருக்கும். மலிவு வேலையில் கால் நான்காகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். தேனீக்கு விலை அதிகம் கிடைக்கும் என்பதால் ஈக்கள் அடிக்கடி தேனீயாக விற்கப்படுகின்றன. இறக்கையை எண்ணினால் போதும்.

ஈ என்று தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம். 1859இல் லக்ஸருக்கு அருகே எகிப்திய அரசி ஆஹ்ஹோதெப்பின் புதையலில் ஒரு சங்கிலியும் அதில் கோத்த மூன்று பெரிய தங்க ஈக்களும் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். விரட்ட விரட்டத் திரும்பி வருவது ஈயின் குணம். பின்வாங்காத வீரர்களுக்குத் தங்க ஈ கொடுத்துச் சிறப்பிப்பது எகிப்திய வழக்கம். ஆனால் 1870இல் லண்டன் சீமாட்டி தன் முகத்திரை வலையில் குத்திக்கொண்ட 2 சென்டிமீட்டர் ஈக்கு இந்த வீரக் கதையை ஏற்றக் கூடாது. இயற்கை ஆராய்ச்சி வீட்டுக்கு வீடு பொழுதுபோக்காக இருந்த காலம் அது. வரவேற்பறையில் உருப்பெருக்கி, சுவரில் ஊசி குத்திய பூச்சிப் பெட்டி. உயிருள்ள ஈ ஒன்று துணிமேல் வந்து உட்கார்ந்ததுபோல் ஒரு கணம் பார்ப்பவரை ஏமாற்றுவதே அந்த நகையின் நோக்கம்.

முதுகில் எழுதியிருப்பது

10 மடங்கு பெரிதாக்கும் நகைக்காரர் லென்ஸ் ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். நகையைக் கவிழ்த்து வையுங்கள்.

முதலில் ஊசி. 1890க்கு முந்திய ப்ரூச்களில் ஊசி மாட்டும் இடம் ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைத்த வெறும் கம்பி. பூட்டு கிடையாது. அதனால் ஊசி கழன்று விழாமல் இருக்க, நகையின் விளிம்பைத் தாண்டி நீளமாக விட்டிருப்பார்கள். அந்த நீட்டிய முனையை மறுபடி துணிக்குள் குத்திவிடுவார்கள். கீல், குறுக்கே வைத்த சிறு குழாயாக இருக்கும். சுழற்றிப் பூட்டும் கொக்கி 1900க்குப் பிறகுதான் பரவலானது. வெறும் வளைகம்பி இருந்தால் பழையது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இன்றும் போலி செய்பவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஊசியும் கீலும் கொக்கியும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நூறு வருடம் ஊசி உரசிய கொக்கியின் உள்வளைவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வெளிப்புறம் கீறலும் உள்வளைவு புத்தம் புதிதாகவும் இருந்தால் கீறல் செயற்கை.

புதிய பூட்டுக் கொக்கி இருந்தால் அது போலி என்றும் அர்த்தமில்லை. தொலைந்துபோகக் கூடாதென்று உரிமையாளர்கள் மாற்றியிருப்பார்கள். மாற்றிய இடத்தில் சாம்பல் நிறக் குமிழாக ஈயப் பற்று தெரிகிறதா என்பதே கவலைக்குரிய விஷயம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

அடுத்து உலோகம். வைரம் வைத்த பூச்சியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலே வெள்ளி, கீழே தங்கம் என்று இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டுக்குரிய முறை. தங்கத்தில் பதித்தால் வைரம் மஞ்சளாகத் தெரியும் என்பதால் மேலே வெள்ளி. வெள்ளி கறுத்துத் துணியில் படியும் என்பதால் பின்னால் தங்கம். பிளாட்டினம் உருக 1768 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைத் தரும் ஊதுகுழல்கள் பட்டறைக்கு வந்த பிறகே, அதாவது 1900ஐ ஒட்டியே, பிளாட்டினம் சாதாரண நகைக்கு வந்தது. வெள்ளைத் தங்கம் அதற்கும் பிந்தியது. முதல் உலகப் போரை ஒட்டித்தான் சந்தையில் நிலைபெற்றது. ‘விக்டோரியா காலத்து ஈ, வெள்ளைத் தங்கம்’ என்று யாராவது எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

முத்திரைகளில் மிகவும் உதவுவது ஆங்கில 15 காரட். 1854இல் சட்டம் அனுமதித்து 1932இல் நிறுத்தப்பட்ட தரம் அது. 15 என்றோ .625 என்றோ இருந்தால் அந்த எழுபத்தெட்டு வருடத்துக்குள் செய்தது. பிரான்சில் 1838 முதல் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை. லென்ஸ் இல்லாமல் அது ஒரு புள்ளிதான். ஊசியின் மேலோ கொக்கியின் முதுகிலோ தேட வேண்டும். சிறிய ப்ரூச்கள் பலவற்றில் முத்திரையே இருக்காது, அது குறையும் அல்ல.

பிரெஞ்சு முத்திரையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் முத்திரை அடிக்கும் அலுவலகத்தில் நகையைத் தாங்கும் சிறு பட்டறைக்கல்லின் மேற்பரப்பிலேயே பூச்சி உருவங்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். மேலிருந்து முத்திரையை அடிக்கும்போது அடியில் அந்தப் பூச்சியின் ஒரு பகுதி பதியும். முத்திரையை ஒரு நகையிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டும் மோசடியைத் தடுக்க இந்த ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து வந்த நகைக்கும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மூக்கு நீண்ட கூன்வண்டைத்தான் முத்திரையாக வைத்தார்கள். வைரத் தும்பியின் முதுகில் மயிரிழை அளவில் ஒரு கூன்வண்டு. பார்க்கக் கிடைத்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

கற்கள்

பூச்சியின் கண் பெரும்பாலும் பட்டை தீட்டாமல் வழவழப்பாக விட்ட சிவப்புக் கல். மாணிக்கமாக இருக்கலாம், கார்னெட்டாக இருக்கலாம். பட்டை தீட்டிய மாணிக்கம் என்றால் லென்ஸில் உள்ளே பாருங்கள். வளைந்த கோடுகள், இசைத்தட்டின் கோடு போல, தெரிந்தால் அது பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902இல் வெளியிட்ட முறையில் உருக்கிச் செய்த செயற்கை மாணிக்கம். அதனால் நகை முழுதும் போலி ஆகிவிடாது. 1910 வாக்கில் நல்ல நகைக்காரர்களே அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆனால் 1880 என்று சொல்லும் நகையில் அது இருந்தால் கண் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது தேதி தவறு.

உடலில் பெரிய பச்சையோ நீலமோ இருந்தால் இரட்டைக் கல்லா என்று சோதிக்க வேண்டும். மேலே மெல்லிய கார்னெட் துண்டு, கீழே நிறக் கண்ணாடி, இரண்டையும் உருக்கி ஒட்டியது. அக்காலத்தில் மிகச் சாதாரணம். கல்லை வெள்ளைக் காகிதத்தில் முகம் கீழாகக் கவிழ்த்துப் பின்னாலிருந்து பாருங்கள். விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால் இரட்டைக் கல். பின்பக்கம் திறந்த பதிப்பாக இருந்தால்தான் இந்தச் சோதனை பலிக்கும்.

பச்சையில் தவறவிடக் கூடாத கல் டிமாண்டாய்ட். ரஷ்யாவின் உரால் மலையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்த பச்சை கார்னெட். வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறம் தெறிக்கும். 1880 முதல் 1914 வரை தும்பியின் உடம்பும் வண்டின் முதுகும் இதில்தான் மின்னின. 1917 புரட்சிக்குப் பிறகு வரத்து கிட்டத்தட்ட நின்றுபோனது. பழைய ரசீதுகளில் ஒலிவைன் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்து மலிவான பெரிடாட் என்று நினைத்து விற்றவர்கள் உண்டு. லென்ஸில் பொன்னிற இழைகள் ஒரு புள்ளியிலிருந்து குதிரை வால் போல விரிந்தால் சந்தேகமே வேண்டாம். கடினம் 6.5 முதல் 7 வரைதான், அதனால் பட்டை முனைகள் தேய்ந்திருப்பது இயல்பு.

தும்பியின் இறக்கை

தமிழில் தட்டான் என்ற சொல் இந்தப் பூச்சிக்கும் பெயர், பொன் தட்டுகிறவருக்கும் பெயர். அந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஐரோப்பியர் அறியமாட்டார்கள். ஆனால் பொற்கொல்லரின் முழுத் திறமையையும் உறிஞ்சியெடுத்த பூச்சி இதுதான்.

ஐரோப்பியக் கிராமங்களில் தும்பிக்கு நல்ல பெயர் கிடையாது. பொய் சொல்லும் குழந்தையின் வாயைத் தைத்துவிடும் பிசாசின் ஊசி என்று பயமுறுத்துவார்கள். 1860 வரை நகையில் அது அரிது. நிலைமையை மாற்றியது ஜப்பான். 1854இல் அந்நாட்டின் துறைமுகங்கள் திறந்தன. 1867 பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானியப் பொருட்கள் வரிசையாக வைக்கப்பட்டன. ஜப்பானில் தும்பி வெற்றிப் பூச்சி. முன்னால் மட்டுமே பாயும், பின்வாங்காது என்று சாமுராய்கள் தலைக்கவசத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையோடு பாரிஸுக்குள் நுழைந்த தும்பிக்கு அங்கே வேறொரு பொருள் சேர்ந்தது. தண்ணீருக்கடியில் அருவருப்பான புழுவாக வாழ்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டு ஒளியாக வெளியே வரும் உயிர் அது. பெண்ணின் உருமாற்றத்துக்கு அதைப் படிமமாக எடுத்தார்கள்.

அந்தப் படிமத்தின் உச்சம், பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லலிக் 1897-98 வாக்கில் செய்த தும்பிப் பெண். 23 சென்டிமீட்டர் உயரம், 26.5 சென்டிமீட்டர் அகலம். மார்பு முழுவதையும் மூடும் அளவு. தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண் இடுப்புவரை எழுகிறாள், கைகளுக்குப் பதில் இறக்கைகள். கீழே கழுகுக்குரிய பொன் நகங்கள். அவள் பூச்சியிலிருந்து பிறக்கிறாளா, பூச்சி அவளை விழுங்குகிறதா என்று தீர்மானிக்க முடியாதபடி செய்திருப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது. ‘தும்பி என்றால் மாற்றம்’ என்ற ஒற்றை வரி இதன்முன் நிற்காது. எண்ணெய் வணிகர் கலூஸ்த் குல்பென்கியன் 1903இல் லலிக்கிடமே வாங்கினார். லிஸ்பனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறக்கைகளில் சந்திரகாந்தக் கற்களும் வைரமும் உண்டு.

இறக்கையின் எனாமல் வேலையைச் சற்று விளக்க வேண்டும். சாதாரண எனாமலுக்குப் பின்னால் உலோகத் தகடு இருக்கும். இதில் தகடு கிடையாது. தங்கக் கம்பியால் நரம்புபோல் சிறு அறைகளைக் கட்டி, பொடித்த நிறக் கண்ணாடியைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வோர் அறையிலும் நிரப்பி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்குவார்கள். அறை சிறிதானால் கண்ணாடி தன் பரப்பிழுவிசையாலேயே நிற்கும். பெரிதானால் அடியில் செம்புத் தாளோ மைக்காவோ வைத்து, பிறகு அதை அமிலத்தில் கரைத்தோ உரித்தோ எடுப்பார்கள். உருகும்போது பொடி சுருங்குவதால் ஓர் அறை நிரம்பப் பல முறை சூளைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்து அறை வெடிக்கும் அபாயம் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிஜமான தும்பி இறக்கையைப் பார்ப்பது போலவே இருக்கும்.

உடைந்தால் வருவது பெரிய சிக்கல். ஓர் அறையை மீண்டும் எனாமல் வைத்துச் சுட வேண்டுமானால் எல்லாக் கற்களையும் கழற்ற வேண்டும். சூட்டில் மற்ற அறைகளும் போகலாம். அதனால் பெரும்பாலான பட்டறைகள் நிற ரெசினை நிரப்பிக் கொடுத்துவிடுகின்றன. அது தவறல்ல, சொல்லாமல் விற்பதே தவறு. கண்டுபிடிக்க, இறக்கையைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வோர் அறையின் பளபளப்பையும் ஒப்பிடுங்கள். ரெசின் அறை சற்று மங்கலாக, நுண்கீறல்களோடு, சில வருடத்தில் மஞ்சளேறி இருக்கும். கண்ணாடி உடைந்த விளிம்பு கிளிஞ்சல் போல வளைந்து கூர்மையாக இருக்கும். ரெசின் அப்படி உடையாது. புற ஊதா விளக்கின்கீழ் ரெசின் பெரும்பாலும் தனியாக ஒளிரும். ஊசியால் குத்திச் சோதிக்கக் கூடாது.

செய்த வண்டும் நிஜ வண்டும்

ஸ்காரப், சாணியை உருட்டும் வண்டு. உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, சூரியனை வானில் உருட்டும் கெப்ரி தெய்வமாக எகிப்தியர் வணங்கினார்கள். ஆவது, உருவாவது என்ற பொருளுள்ள சொல்லோடு அப்பெயர் சேர்ந்தது. இறந்தவரின் நெஞ்சின்மேல் வைக்கும் பெரிய ஸ்காரபின் அடியில், நியாயத் தீர்ப்பில் என் இதயமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்ற வேண்டுதல் பொறித்திருக்கும்.

ஐரோப்பிய நகையில் இது இரண்டு அலையாக வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததை ஒட்டி ஒன்று. 1922 நவம்பரில் துட்டன்காமுன் கல்லறை திறந்ததை ஒட்டி இன்னொன்று. முதல் அலையில் கனமான தங்கச் சட்டத்துக்குள் பழைய கல் ஸ்காரப் அல்லது அதன் நகல். இரண்டாம் அலையில் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்த இறக்கை, நேர்க்கோட்டில் நெருக்கி அடுக்கிய சிறு கற்கள், பிளாட்டினம். இரண்டையும் குழப்பினால் ஐம்பது வருடம் தவறிப்போகும். நிஜமான பழைய ஸ்காரபில் நீளவாக்கில் ஒரு துளை ஊடுருவிப் போகும், மோதிரத்திலோ நூலிலோ கோப்பதற்காக. அடியில் உள்ள எழுத்து அச்சடித்ததுபோல் ஒரே ஆழத்தில் இருந்தால் அது நகல்.

நிஜ வண்டையே நகையாக்கிய கதையும் உண்டு. லண்டனின் ஃபிலிப்ஸ் பிரதர்ஸ் நகை நிறுவனம் 1884-85இல் லேடி கிரான்வில்லுக்காகத் தென்னமெரிக்கப் பச்சைக் கூன்வண்டுகளைத் தங்கத்தில் கட்டிச் செய்த தலையணி, கழுத்தணி, தோடு ஆகியவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கேதான் நம் ஊர் நேராக வருகிறது. தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்போமே, அந்தப் பொன்வண்டின் மேலிறக்கைகளை மஸ்லின் துணியில் தைக்கும் வேலை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு ஏற்றுமதியான பெரிய சரக்கு. 1888இல் நடிகை எல்லன் டெர்ரி லேடி மேக்பெத்தாக அணிந்த பச்சை உடையில் சுமார் ஆயிரம் வண்டிறக்கைகள் தைத்திருந்தன. ஓவியர் சார்ஜென்ட் அடுத்த வருடம் அவரை அதே உடையில் வரைந்தார்.

அந்தப் பச்சை சாயம் அல்ல. இறக்கையின் மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்குகள்மேல் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது. சாயம் இல்லாததால் வெளுக்காது. ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த 4 கோடியே 70 லட்சம் வருடப் பழைய வண்டுப் புதைபடிவங்களில்கூட நிறம் மிஞ்சியிருக்கிறது. நிறம் போகாது, இறக்கை உடையும். நூலோ ஆணியோ போட்ட துளையிலிருந்து நீளவாக்கில் விரிசல் ஓடும். வண்டிறக்கை வைத்த ப்ரூச்சை விரலால் அழுத்தாமல், உலோக விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

எங்கே கெடுகிறது

கால்கள்தான் முதலில் போகும். மெல்லிய தங்கக் கம்பி. துணியில் மாட்டி இழுபட்டு வளையும், அதை நிமிர்த்துவார்கள், மறுபடி வளையும். வளைக்க வளைக்க உலோகம் இறுகி நொறுங்கத் தொடங்கும். மூன்றாவது முறை நிமிர்த்தும்போது முறியும். கொக்கியும் இப்படித்தான்; தளர்ந்துவிட்டது என்று குறடால் நெரித்தால் வேரோடு உடையும்.

முறிந்ததை ஈயத்தால் பற்றவைப்பது பழைய நகைக்குச் செய்யும் பெருங்கேடு. பின்னால் யாராவது வெள்ளிப் பற்று வைக்கச் சூடுபடுத்தினால், மிச்சமிருக்கும் ஈயம் தங்கத்துக்குள்ளும் வெள்ளிக்குள்ளும் இறங்கி அம்மைத் தழும்பு போலக் குழிகளாக அரித்துவிடும். ஈயத்தைத் துளியும் விடாமல் சுரண்டி எடுத்த பிறகே நெருப்பு. இப்போது நம் ஊர்ப் பட்டறைகளிலும் லேசர் வெல்டிங் இருக்கிறது. கல்லுக்கும் எனாமலுக்கும் பக்கத்தில் உள்ள முறிவுக்கு அதுவே சரி, ஏனென்றால் சூடு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பரவாது.

சில பட்டாம்பூச்சிகளின் இறக்கை, சுருள்வில்மேல் பொருத்தப்பட்டிருக்கும். அணிந்தவர் மூச்சு விட்டாலே நடுங்கி வைரம் மின்னும். மெழுகுவத்தி வெளிச்சத்துக்காகக் கண்டுபிடித்த உத்தி. இந்த வில் ஒருமுறை இழுபட்டால் பழைய நிலைக்கு வராது. வாங்கும்போது மேசையை லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி நடுங்கி ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்.

கழுவும் விஷயத்தில் பின்பக்கத்தைப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. கல்லின் பின்னால் உலோகம் மூடியிருந்தால் உள்ளே பளபளப்புத் தாள் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் போதும், தாள் கறுத்துக் கல் செத்ததுபோல் ஆகிவிடும். அதைத் திரும்பப் பெற முடியாது. அதற்கும், முத்து, ஓப்பல், எனாமல், கொம்பு வைத்தவற்றுக்கும் உலர்ந்த மென்தூரிகை மட்டும். பின்பக்கம் திறந்த வைரப் பூச்சிக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு. தூரிகையை நனைத்து உதறித் தேய்த்து, நகையைத் தண்ணீரில் மூழ்கடிக்காமல் துடைத்து, பருத்தித் துணியில் கவிழ்த்து உலர விடலாம். கடைகளில் உள்ள அல்ட்ராசானிக் தொட்டி வேண்டவே வேண்டாம்.

1900ஐ ஒட்டி பாரிஸில் எலிசபெத் போந்தே, ஜார்ஜ் பியேர் போன்றோர் மாட்டுக் கொம்பில் செய்த அந்துப்பூச்சிகளும் தும்பிகளும் அழகானவை. கொம்பு நம் நகத்தின் அதே புரதம் என்பதால் கம்பளம் தின்னும் வண்டின் புழு அதையும் தின்னும். விளிம்பில் கோணலான சிறு பள்ளங்கள், பெட்டி மூலையில் மணல் போன்ற தூள், உதிர்ந்த மயிர்த்தோல் தெரிந்தால் உடனே தனியே எடுத்து வையுங்கள். கம்பளித் துணியில் சுற்றி வைப்பது அந்தப் புழுவுக்கு விருந்து. அந்துருண்டையையும் அதே பெட்டியில் போடாதீர்கள். அதன் ஆவி ரெசினையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

அணிவது பற்றி ஒன்று. ஊசி நகையின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் இருந்தால் பூச்சி நிமிர்ந்து நிற்கும். நடுவுக்குக் கீழே இருந்தால் எடை முன்னால் சாய்ந்து தலைகுப்புறத் தொங்கும். பட்டுப்புடவை மடிப்பில் குத்தும்போது உள்பக்கம் விரலகலப் பருத்தித் துண்டு ஒன்றை வைத்து, அதையும் ரவிக்கைத் துணியையும் சேர்த்துக் குத்தினால் பட்டில் துளை பெரிதாகாது. ஜரிகைமேல் வேண்டாம், கால்கள் ஜரிகையை இழுக்கும், ஜரிகை கால்களை முறிக்கும். பூட்டில்லாத கொக்கி என்றால் ஊசியின் நீட்டிய முனையை அக்காலத்தவர் போலவே மறுபடி துணிக்குள் செருகுங்கள்.

அணிபவர் தரும் பொருளும் நகையில் ஏறும். 1999இல் அமெரிக்க வெளியுறவுத் துறைக் கட்டடத்தில் ரஷ்ய ஒட்டுக்கேட்புக் கருவி சிக்கியபோது, அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் அடுத்த ரஷ்யச் சந்திப்புக்குப் பெரிய பூச்சி ப்ரூச் ஒன்றைக் குத்திக்கொண்டு போனார். அத்தகைய கருவிக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்றுதான் பெயர். சின்னங்களுக்குப் பொருள் சொல்லும் எந்த அகராதியிலும் அந்தப் பொருள் இல்லை. அன்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

இதே காரணத்துக்காகத்தான் பழைய பூச்சியின் முதுகில் கீறியிருக்கும் இரண்டு முதலெழுத்துக்கும் ஒரு தேதிக்கும் அவ்வளவு மதிப்பு. யார் யாருக்கு, எந்த நாளில் கொடுத்தார்கள் என்பது அங்கே மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில். மெருகுச் சக்கரத்தில் ஒரு நிமிடம் வைத்தால் எழுத்தும் முத்திரையும் ஒன்றாகப் போய்விடும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பின்பக்கத்துக்கு மெருகு போடக் கூடாது.